பூனாகலையில் என்னைத் தங்கவைத்த அம்மா

திருச்சியில் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியிலிருந்து எங்களில் சிலரை இலங்கைக்குச் சேவைப் பயணமாக அழைத்துப் போனார்கள். பண்டாரவளைக்கு அப்பால், பூனாகலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். பகலில் அதற்கு வெள்ளையடிப்போம். மாலையில் பிள்ளைகளோடு பாட்டும் பாடமும். மாணவிகளை, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் வீட்டுக்கு ஒருவராகத் தங்கவைத்தார்கள்.

எனக்கு வாய்த்தது கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவின் வீடு. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவளுக்கும் என் வயதுதான். நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்த அம்மா, மகளின் கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். சட்டைக் கை என் மணிக்கட்டுவரை எட்டவில்லை.

"அவ ஒன்ன விடக் கட்ட," என்று சிரித்தார்.

வாராவாரம் கூப்பிடுவதுபோல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அம்மா பேசி முடித்துப் போனை என்னிடம் தந்தார்.

"என் சட்டையா அது? போட்டுக்குங்க, ஒங்களுக்கு நல்லாருக்கு," என்றாள். பிறகு, "போன அந்தப் பக்கம் திருப்புங்களேன். மலையப் பாக்கணும்."

திருப்பினேன். ஒரே பனிமூட்டம். செடிகூடத் தெரியவில்லை. அதைச் சொன்னேன்.

"பரவால்லங்க. அப்படியே கொஞ்ச நேரம் வச்சிருங்க."

கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. அவள் வேலை செய்யும் வீட்டு எஜமானி போனை வாங்கி வைத்திருப்பாள், முன்பும் அப்படி நடந்திருக்கிறது என்றார் அம்மா. ஆனால் அன்று ரொட்டியைக் கருகவிட்டார்.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், அவளை அனுப்பிவைத்த ஏஜென்ட் பதுளையிலிருந்து நேரில் வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார். தூக்கத்திலேயே மாரடைப்பாம். அம்மா தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"பக்கத்துல யாரு இருந்தாங்க?"

ஏஜென்ட்டுக்குத் தெரியவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். அம்மா நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

உடல் வரும்வரை நான் இருக்கிறேன் என்று எங்கள் பேராசிரியரிடம் கெஞ்சினேன். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, விசாவும் முடிகிறது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. காலையில் வேன் வந்து நின்றது. சட்டையைக் கழற்றி மடித்து அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ போ புள்ள. ஒங்கம்மா பாத்துக்கிட்டு இருப்பாங்க. போய்ச் சேந்ததும் ஒரு போன் போடு."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த நான் அந்தக் கடைசி வார்த்தையில் உடைந்துபோனேன். எல்ல என்ற சுற்றுலா ஊரைத் தாண்டும்போது தோழிகள் வேனை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் இறங்கவில்லை.

கல்லூரியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். இந்தப் பயணத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று ஒவ்வொருவரும் பேச வேண்டும். மேடையேறி, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தோம் என்றேன். அதோடு இறங்கி வந்துவிட்டேன்.

அவள் உடல் இருந்த பெட்டி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அடக்கமும் காரியமும் முடிந்த பிறகு அம்மாவே கூப்பிட்டுச் சொன்னார்.

"சீல் வச்சிருந்தாங்க. தெறக்கக் கூடாதுன்னுட்டாங்க. நெத்தியில ஒருவாட்டி கை வச்சுப் பாத்திருந்தாப் போதும் எனக்கு. எம்புள்ளதான் உள்ள இருக்கான்னு நம்பித்தான் மண்ணு போட்டேன்."

"அம்மா" என்றேன்.

காரியம் முடிந்த மறுநாளே கொழுந்து பறிக்கப் போய்விட்டாராம். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்றார்.