குறொய்டன் உயரக் கட்டடங்களும் இருபத்தோராம் மாடிப் பாலும்

மோர்டனிலிருந்து குறொய்டனுக்குப் போனதையெல்லாம் பயணம் என்று எழுதுவீர்களா என்று மகள் சுகந்தி கேட்டாள். ட்ராமில் அரை மணித்தியாலம்தான், உண்மை. ஆனால் நான் காலை ஒன்பதுக்கு வெளிக்கிட்டு வீடு திரும்ப ஏழு மணி. மூன்று உயரக் கட்டடங்களின் வாசலை மிதித்தேன், அதில் இரண்டை மிதித்திருக்கவே தேவையில்லை. பிள்ளைகளை அந்தப் பக்கம் படிக்க விடுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

என் பேத்தி துவாரகா குறொய்டனில் நர்சிங் படிக்கிறாள், இரண்டாம் வருடம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் மனித உடம்பின் இருநூற்றாறு எலும்பையும் பெயர் சொல்லி ஒப்புவிப்பாள். இந்த வருடம் ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணி ஷிப்ட் இருப்பதால், பக்கத்திலேயே மாணவர்கள் தங்கும் மாடிக் கட்டடத்தில் அறை எடுக்கப்போகிறேன் என்றாள். சுகந்திக்குத் துளியும் விருப்பமில்லை. வீடு இவ்வளவு கிட்ட இருக்க அறை என்னத்துக்கு என்று கேட்டாள். நான் பேத்தியின் பக்கம் நின்றேன். இரண்டு கிழமை இழுபறிக்குப் பிறகு சுகந்தி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். கோயில் ஐயர் குறித்துத் தந்த நேரத்துக்குள், வெள்ளிக்கிழமை 10.05க்கும் 10.50க்கும் இடையில், அந்தக் குசினியில் பால் பொங்கவேண்டும். அவளுக்கு அன்றைக்கு வேலை, ஆகவே படம் எடுத்து அனுப்பவேண்டும்.

"நேரம் தப்பினால் பிள்ளை அங்க படுக்கமாட்டாள். பின்னேரமே பெட்டியைத் திருப்பி ஏத்துவன்," என்றாள். சொன்னால் செய்கிறவள்.

மருமகன் விடிய ஏழு மணிக்கே துவாரகாவையும் பெட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, கடை திறக்கத் திரும்பிவிட்டார். காரில் எனக்கு இடமில்லை. நான் தனியவே வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். என் தங்கச்சியின் பேத்தி அமெரிக்காவில் ஒரு கம்பஸ் ஊரில் படிக்கிறாள். அந்த ஊரிலேயே ஆக உயரமான கட்டடத்தில்தான் பிள்ளை இருக்கிறாள், பதினாலு மாடி என்று தங்கச்சி போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அங்கே நிலத்தோடு இருக்கிற தளத்தையே முதலாம் மாடி என்று எண்ணுவார்களாம், ஆகவே எங்கள் கணக்கில் அது பதின்மூன்றுதான். இதை அவளுக்கு நான் இரண்டு தரம் விளங்கப்படுத்தியிருக்கிறேன். துவாரகாவுக்கு இருபத்தோராம் மாடி கிடைத்ததும், எங்கள் பிள்ளையும் குறொய்டனில் ஆக உயரமான கட்டடத்தில்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

வயது போனவர்களுக்குத் தரும் இலவசப் பயண அட்டையான பிரீடம் பாஸ் கிழமை நாட்களில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் வேலை செய்யும். பாஸ் இல்லாதவர்களுக்கு ட்ராம் 1.75 பவுண். தள்ளுவண்டிப் பையில் பால் சட்டி, ஒரு லீற்றர் பால், சர்க்கரை, வாழைப்பழம், பற்றரியில் எரியும் குத்துவிளக்கு. அந்தக் கட்டடங்களில் நெருப்புக் கொளுத்த விடமாட்டார்கள், கவனம். மோர்டன் ரோட் தரிப்பில் 9.08க்கு ஏறி, ஈஸ்ட் குறொய்டனில் 9.37க்கு இறங்கினேன்.

இறங்கி நிமிர்ந்து பார்த்தால் திசைக்கொரு கட்டடம். கிட்ட நிற்பது உயரமாகத் தெரிகிறது. பத்தடி நகர்ந்தால் தூர நிற்பது எட்டிப் பார்க்கிறது. அருகே கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்தவர் எங்கள் ஆள்தான், பிரான்சிலிருந்து வந்தவர். இங்கே ஆக உயரமான கட்டடம் எது என்று அவரைக் கேட்டேன்.

"எதை வைச்சுக் கேக்கிறியள் அம்மா? மாடிக் கணக்கோ, நுனிக் கம்பியோ?" என்றார். "நான் வந்து பதினொரு வருசம். ஆக உயரமானது நாலு தரம் மாறிப்போச்சு. உங்களுக்கு எந்த வருசத்துக் கட்டடம் வேணும்?"

அவர் காட்டியதற்குப் போனேன். உச்சியில் பாரந்தூக்கி நிற்கிறது, சுற்றிவரப் பலகை வேலி. தொப்பி போட்ட ஒருவர் வந்து என்னையும் பையையும் பார்த்துவிட்டு, இன்னும் கட்டி முடியவில்லை என்று கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். அங்கே பதினைந்து நிமிடம் போனது.

பிறகுதான் துவாரகா சொன்ன இரட்டைக் கட்டடம் கண்ணில் பட்டது. ஒரே நிறம், ஒரே யன்னல், ஒரே கொம்பனியின் பெயர் வாசலில் பெரிதாக. ஒன்று மற்றதைவிட நாலைந்து மாடி கூட. கட்டடத்தின் பெயரைத் துவாரகா தாளில் எழுதித் தந்திருந்தாள், தாள் பையின் அடியில் சட்டிக்குக் கீழே. நான் எடுக்கவில்லை. உயரமானதுக்குள் போனேன்.

லிஃப்டைப் பற்றிக் கட்டாயம் எழுதவேண்டும். உள்ளே பொத்தான் கிடையாது. வெளியே ஒரு பலகையில் மாடி இலக்கத்தை அமத்தவேண்டும், அது ஓர் எழுத்தைக் காட்டும், அந்த எழுத்துள்ள லிஃப்டில்தான் ஏறவேண்டும். நான் முழித்துக்கொண்டு நிற்க, பலசரக்குப் பையோடு ஒரு பிள்ளை வந்தாள். இருபத்தோராம் மாடி, B வீடு என்று சொன்னேன். தானும் அங்கேதான் என்று கூட்டிக்கொண்டு போனாள். அவள் பெயர் கிரேஸ், கானாவிலிருந்து வந்தவள். ஐந்து அறைக்கு ஒரு குசினி, மற்றப் பிள்ளைகள் இன்றைக்குத்தான் வருகிறார்களாம். நான் அதில் ஒருத்தியின் அம்மம்மா என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அறைகளைத் தட்டினேன், ஒருவரும் திறக்கவில்லை. என்னைக் கூப்பிடத் துவாரகா கீழே போயிருப்பாள் என்று எண்ணினேன். மணி 10.22. அங்கே இருந்த மின் அடுப்பைக் கிரேஸ்தான் போட்டுத் தந்தாள். 10.31க்குப் பால் பொங்கி வழிந்தது, அடுப்பு கீக்கீ என்று கத்தித் தானாக நின்றது. எனக்கு வந்த ஆங்கிலத்தில், புது வீடு, பால் வெளியே வந்தால் நல்லது என்றேன். அவள் கைதட்டினாள். படம் எடுத்துச் சுகந்திக்கு அனுப்பினேன். முதல் கோப்பையைச் சர்க்கரை போட்டு அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன். வந்து மூன்று நாளாகிறது, இந்தக் குசினியில் இன்றைக்குத்தான் ஒரு ஆளோடு கதைக்கிறேன் என்றாள்.

10.38க்குத் துவாரகா போன் எடுத்தாள்.

"அம்மம்மா, எங்க நிக்கிறியள்?"

"உங்கட குசினியிலதான் பிள்ளை. பால் பொங்கிட்டுது."

"நான் குசினியிலதான் நிக்கிறன். நீங்கள் இங்க இல்லை."

பையின் அடியில் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தேன், அதில் இருந்தது மற்றக் கட்டடத்தின் பெயர்.

பிறகு மிச்சப் பாலோடு சட்டியை மூடித் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவசரத்தில் பலகையை அமத்தாமல் திறந்த லிஃப்டில் ஏற, அது என்னை மேலே முப்பத்திநாலுக்குக் கொண்டுபோனது. மற்றக் கட்டடத்தின் இருபத்தோராம் மாடிக்குப் போய்ச் சேர மணி 10.57. ஏழு நிமிடம் பிந்திவிட்டது.

துவாரகா என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தாள். "அம்மாட்டச் சொல்லாதேங்கோ அம்மம்மா. போட்டோ போயிட்டுதுதானே. ரெண்டு குசினியும் சேம்," என்றாள். பார்த்தால் உண்மைதான், அதே அடுப்பு, அதே யன்னல். பொய் சொல்லவும் தேவையில்லை, பேசாமல் இருந்தாலே போதும். ஆனால் இந்தப் பிள்ளைக்காகச் சுகந்தியோடு இரண்டு கிழமை வாதாடினவள் நான். அதை ஏமாற்றித்தான் முடிப்பதா? சுகந்தியின் இடைவேளைக்கு, 11.30க்கு எடுத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுகந்தி, "அந்தப் பிள்ளையோட ஆரும் வரேல்லையோ?" என்றாள்.

"இல்லை. தனியத்தான் வந்தவள்."

"மூண்டு நாளாத் தனியவோ?"

"ஓம்."

"மிச்சப் பால் கிடக்கோ?"

"கொஞ்சம் கிடக்கு."

"துவாரகாவின்ர அடுப்பில வைச்சுச் சூடாக்கிக் குடுங்கோ. நான் வேலை முடிய வாறன்."

"பெட்டி ஏத்தவோ?" என்று கேட்டேன். துவாரகா போனுக்குக் கிட்டக் காதைக் கொண்டுவந்தாள்.

"இல்லை அம்மா. சோறு கொண்டு வாறன். ரெண்டு வீட்டுக்கும்."

ஐந்தரைக்கு வந்தாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. துவாரகாவே மற்றக் கட்டடத்துக்குப் போய்க் கிரேஸைக் கூட்டி வந்தாள். அன்றைக்குத் துவாரகா அங்கேதான் படுத்தாள், இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள். நல்ல நேரம் எந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஐயரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. குறொய்டனில் ஆக உயரமானது எது என்பதும் எனக்குத் தெரியாது. தங்கச்சியிடம், இது இரண்டாவது என்று சொல்லிவிட்டேன். அதுவும் சரியோ தெரியாது.

போகிறவர்கள் உயரத்தைப் பார்த்துப் போகாமல், கட்டடத்தின் பெயரைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். லிஃப்டில் ஏறமுன் பலகையை அமத்துங்கள். அடுப்பு வழிந்து நின்றால் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள், திரும்ப வேலை செய்யும். பால் ஒரு லீற்றர் காணாது. இரண்டாகக் கொண்டுபோங்கள்.