வாசலில் முகர்ந்து பார்ப்பவர்

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டருகே ஒரு மல்யுத்தக் கூடம் இருந்தது. அதன் காவலாளி நரைத்த மீசைக்காரர், காது நசுங்கியவர். குடித்தவன் கால் அந்தக் கூடத்துச் செம்மண்ணில் படக்கூடாது என்பது கட்டுப்பாடு. அதனால் ஒவ்வொருவர் வாயையும் முகர்ந்துதான் உள்ளே விடுவார்.

ஊர் கொண்டாடிய பயில்வான் ஒருவர் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, மரத்தில் மோதி இறந்தார். மறுநாள் ஊரே தமட்டை மேளமும் பட்டாசுமாகத் திரண்டது. குடியைப் பற்றி யாரும் பேசவில்லை. மரத்தை வெட்டவேண்டும் என்றுதான் கத்தினார்கள். புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டும் என் மகனும் தொண்டை கிழியக் கத்தினான்.

உடலைச் செம்மண்ணில் கிடத்தத் தூக்கி வந்தபோது காவலாளி வாசலை மறித்தார்.

"வழி விடு அஜ்ஜா, நம்ம ஊர்ச் சிங்கம் இது."

"சிங்கம்தான். குடிச்சிருக்கே."

பிறகு அவரே ஒரு பிடி செம்மண் கொண்டுவந்து பயில்வானின் நெற்றியில் பூசினார்.

"இன்னிக்காவது விட்டிருக்கலாமே, ஐயா?" என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலமும் விடலை ஸார். வாடை அடிச்சுது, திருப்பி அனுப்பிட்டேன். கையில கார் சாவி வெச்சிருந்தான். அதை வாங்கி வெச்சுக்கத் தோணலையே."

செம்மண் ஒட்டிய உள்ளங்கையை விரித்தபடியே நின்றார். நான் கூட்டத்துக்குள் புகுந்து மகனைத் தேடிப் பிடித்து, அதேபோல் கையை நீட்டினேன்.

"என்னப்பா?"

"சாவி," என்றேன்.