பெண் பார்க்க வந்த நாளில் எரிந்த பல்பு

பெங்களூரில் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலம் அது. சனிக்கிழமைகளில் பங்காருபேட்டையில் ரயில் மாறி, தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டை வீட்டுக்கு வருவேன். ஒரு வாரம், நான் படித்த பள்ளியின் கண்காட்சிக்காக, வனேடியம் ஆக்ஸைடு படிகம் ஒன்றை பாட்டரியும் பல்பும் பொருத்திய பலகையோடு கொண்டுவந்தேன். வீட்டில் கேசரி மணந்தது. என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா அப்போதுதான் சொன்னாள்.

மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். அவருடைய அம்மா என்னைப் பாடச் சொல்லவில்லை. பலகையைக் காட்டி, "அது இன்னாம்மா?" என்றார்.

"இந்தக் கருப்புத் துணுக்குல கரண்ட்டு சரியா போவாதுங்க. ஓரளவுக்கு மேல தள்ளினா, திடீர்னு கம்பி மாதிரி ஆயிடும்."

பலகையில் கரண்ட்டைக் கூட்டும் குமிழைத் திருகினேன். ஒன்றுமில்லை. இன்னும் திருகினேன். அம்மா கவலையோடு பார்த்தாள். இன்னும் கொஞ்சம் திருகியதும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"ஐயே! இவ்ளோ நேரம் இன்னா பண்ணிச்சு அது?"

"உள்ள எலக்ட்ரான் நெறைய இருக்குதுங்க. ஒண்ண ஒண்ணு நகர வுடாம அதது எடத்துலயே நின்னுடுது."

"ஷிப்டு முடிஞ்சு சொரங்கத்துலேர்ந்து மேல ஏத்தற கேஜ்ல ஆளுங்க நெருக்கிக்கினு நிக்கற மாதிரியா?"

"அப்படித்தாங்க."

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை கேட்டார்: "கரண்ட்டு போனா சூடாவும் இல்லீங்களா? அத மாத்தறது சூடா, கரண்ட்டேவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் நடந்த சண்டையே அதுதான்.

"தெரியலீங்க" என்றேன்.

"குளிர வெச்சுப் பாக்கலாமா?"

கேட்டதோடு நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோடாக் கடைக்குப் போய்க் கைக்குட்டையில் ஐஸ் வாங்கிவந்தார். படிகத்தின் அடித்தகட்டில் அதை வைத்தோம். முன்பு எரிந்த இடத்தைக் குமிழ் தாண்டியும் பல்பு எரியவில்லை.

"அப்ப சூட்டுக்கும் பங்கு இருக்குது!" என்றார்.

"முழுக்க அதுதான்னு சொல்ல முடியாதுங்க" என்று நானும் விடவில்லை. வேகத்தில் குமிழை ஒரேயடியாகத் திருகிவிட்டேன். பல்பு ஒருமுறை மின்னியது. படிகம் படக்கென்று இரண்டாகப் பிளந்தது.

அம்மா தலையில் கைவைத்தாள். மாப்பிள்ளை துணுக்குகளைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்து, "சின்ன துண்டுக்குக் கொஞ்சமா தள்ளினா போதும் இல்லீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவருடைய அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "இவங்க பேசி முடிக்க மாட்டாங்க. நீங்க நாள் பாருங்க."

திங்கட்கிழமை கண்காட்சியில் சின்னத் துண்டை வைத்தே பல்பை எரித்துக் காட்டினேன். ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.