ஒரு கை மல்லாட்டை தீர்வதற்குள்

விழுப்புரத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற லினக்ஸ் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். திண்டிவனத்தில் என் சர்வீஸ் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா டீச்சரின் கணவர் அந்தோணி போன் செய்தார். "பாலு, ஸ்டெல்லா போய்ட்டாப்பா. காலைல எழுப்புனேன், எழுந்திரிக்கல," என்றார். பாதி தூக்கிய ஷட்டருக்குள் குனிந்து போனேன். உள்ளே மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் விண்டோஸுக்குப் பதிலாகப் பழைய பெட்டியிலும் ஓடக்கூடிய, புதிதாக வந்த லேசான லினக்ஸ் ஒன்றை அதில் ஏற்ற ஆரம்பித்துவிட்டு, "நாளைக்கு வந்து நானே அணைச்சுப் பாக்கறேன், நீங்க தொடாதீங்க," என்று சொல்லி டீச்சர் கிளியனூர் பஸ் பிடித்திருந்தார்.

உங்களில் பலருக்கு அவரை மல்லாட்டைப் பொட்டலத்தோடுதான் ஞாபகம் இருக்கும். நாமெல்லாம் மெமரி எவ்வளவு, பிராசசர் என்ன என்று அடித்துக்கொள்ளும்போது, அவர் அந்த வறுத்த வேர்க்கடலையில் ஒரு கை அள்ளிக்கொண்டு பழைய பெட்டியின் பட்டனை அழுத்துவார். "இத தின்னு தீர்றதுக்குள்ள திரை வந்தா பாஸு. இல்லன்னா பசங்க பேச ஆரம்பிச்சிடுவாங்க, கிளாஸ் போயிடும்," என்பார். கிண்டல் செய்திருக்கிறோம். வேகமாகத் தின்று நல்ல லினக்ஸையெல்லாம் பெயிலாக்குகிறார் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கை அள்ளுவார்.

அவர் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கு ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள் வந்து சேர்ந்தன. விண்டோஸ் ஏறுவதற்குள் பீரியடு முடிந்துவிடும். தலைமையாசிரியை சிஸ்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, இவை ஓடாவிட்டால் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அறையைப் பரீட்சைப் பேப்பர் வைக்க எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அறை போனால் கம்ப்யூட்டர் வகுப்பும் போகும். அந்தப் பிள்ளைகளில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. டீச்சர் என் கடைக்கு வந்து, பத்திரிகைகளோடு இலவசமாக வந்த லினக்ஸ் சீடிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்.

அவற்றில் ஒன்று அருமையாக ஓடியது. சீடியைப் போட்டால் போதும், மல்லாட்டை பாதி மிச்சமிருக்கும்போதே திரை வந்துவிடும். சிஸ்டர் வந்து பார்க்கிற நாளில் பிள்ளைகள் பள்ளி ஆண்டு மலருக்கான கட்டுரைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். சிஸ்டருக்குத் திருப்திதான். சாப்பாட்டு வேளையில் கரண்டை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். திரும்பி வந்து போட்டால் எல்லாத் திரைகளும் பளிச்சென்று வந்தன. ஒரு கட்டுரைகூட இல்லை. சீடியில் ஓடுகிற லினக்ஸ், தட்டியதையெல்லாம் மெமரியில்தான் வைத்திருக்கும், அணைத்தால் துடைத்துவிடும். சோதித்துப் பார்த்த நாளெல்லாம் எத்தனை சீக்கிரம் வருகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மிஸ், நான் எழுதுனது எங்க மிஸ்?" என்று ஒரு பெண் அழுதாள். "தப்பு என்னுதும்மா. உன்னுதும் இல்ல, பொட்டியோடதும் இல்ல," என்றார் டீச்சர். சிஸ்டர் திட்டவில்லை. "இதுக்குத்தானா டீச்சர் இவ்ளோ நாளா பாடுபட்டுக்கினு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று தோன்றியது. கிறிஸ்துமஸ் லீவு முடியும்வரை தவணை கேட்டு வாங்கினார் டீச்சர்.

அந்த லீவில் அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில்கூடக் கட்டவில்லை என்று அந்தோணி இன்றும் சொல்வார். ஒவ்வொரு பெட்டியிலும் ஹார்ட் டிஸ்கில் லினக்ஸை ஏற்றி, ஒரு வரி தட்டி, சேமித்து, அணைத்து, மறுபடி போட்டு, அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தார். அன்றிலிருந்து நாம் எதையாவது ஓடுகிறது என்று காட்டினால், "அணைச்சுப் போட்டுக் காட்டுங்க, அப்பறம் பேசலாம்," என்பார். வகுப்பு பிழைத்தது. அந்த அறையில் பல வருஷம் பிள்ளைகள் தட்டினார்கள்.

பிறகு புது லேப்டாப்புகள் வந்தன, பழைய பெட்டிகள் காயலான் கடை வண்டியில் ஏறின. "நல்லா ஓடிக்கினுதான் இருந்துச்சு," என்றார் டீச்சர், அவ்வளவுதான். பழைய பெட்டிகளில் லினக்ஸ் ஏற்றிப் பார்ப்பது எனக்கு அலுத்துவிட்டது. அவருக்கும் அலுத்திருக்கும், ஆனால் விடவில்லை. "கண்டாச்சிபுரத்துலயோ அனந்தபுரத்துலயோ ஏதாவது ஸ்கூல்ல ஒரு பழைய பொட்டி கெடக்கும் பாலு. அதுக்கு ஒண்ணு வேணுமில்ல?" என்று புதிது புதிதாக ஏற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடக்கம் முடிந்து நேரே கடைக்குத்தான் வந்தேன். எனக்கு வேறெங்கும் போகத் தெம்பில்லை. லினக்ஸ் ஏறி முடித்து, அணைத்துப் போடச் சொல்லித் திரையில் காத்திருந்தது. இனிமேல் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று ஆத்திரமாக வந்தது. ஓடுகிறது என்று நம்பிவிடாமல் அணைத்துப் பார்க்கிற பழக்கம் ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. எதிர்க்கடையில் மல்லாட்டை வாங்கி ஒரு கை அள்ளிக்கொண்டு, அணைத்து, மறுபடி போட்டேன்.

திரை வந்தது. கையைப் பார்த்தேன். மல்லாட்டை அள்ளியபடியே இருந்தது. நான் ஒன்றுகூடத் தின்றிருக்கவில்லை.