அலுமாரிக்குப் பின்னால் ஒரு படையல்

துறைமுகத்துக்குப் பக்கத்து வாடகை வீட்டில் எலி இருப்பது அதிசயமில்லை. ஆனால் மகள் தவழத் தொடங்கிய பிறகு என் தலைக்குள் அந்த எலியைத் தவிர வேறெதுவும் இல்லை. கடித்துவிட்டால்? அது ஓடிய தரையைத் தொட்ட கையை வாயில் வைத்தால்? எலி மருந்து வைக்கவும் பயம். எலிக்கு முன்னால் இவள் தின்றுவிடுவாள்.

கம்பிப் பொறியில் சுட்ட தேங்காய்ச் சொட்டு ஒரு துண்டு வைத்தேன். புதிய பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும் என்று வாசித்திருந்ததால், பொறியின் கதவு மூடாதபடி கட்டிவைத்துச் சில நாள் பழகவிட்டேன். தேங்காய் காய்ந்தது. கருவாட்டுத் தலை வைத்தேன். எறும்பு வந்தது.

"எலிக்குச் சமைச்சு முடிஞ்சால் எனக்கும் கொஞ்சம் தாரும்," என்றார் கணவர்.

"பகிடி விடாதேங்கோ. அரிசி, மா எல்லாம் டின்னுக்குள்ள. குப்பை வாளிக்கும் மூடி. அப்ப அது எங்க சாப்பிடுது?"

அந்தச் சனிக்கிழமை விரதச் சோற்றை மதிலில் வைத்து, "கா, கா" என்று காகத்தைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்தேன். மகளைக் காணவில்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தேன். அப்போது அறைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல்: "கா... கா..."

அலுமாரிக்குப் பின்னால், பழைய குழாய் போன ஓட்டைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். நான் தின்னக் கொடுத்திருந்த விசுக்கோத்தை அதன் வாசலில் பக்குவமாக வைத்துவிட்டு, என்னைப்போலவே சற்றுப் பின்னால் நகர்ந்து காத்திருந்தாள். ஓட்டைக்குள் மீசை அசைந்தது.

நான் போட்ட சத்தத்தில் காகமும் சோற்றை விட்டுப் பறந்திருக்கும். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். போதுமா என்று மறுபடியும் கழுவினேன்.

"என்னப்பா, என்ன கத்துறீர்?"

"உங்கட மகள் எலிக்குப் படைக்கிறா!"

அவர் எட்டிப் பார்த்தார். "நான் வாங்கிற விசுக்கோத்தெல்லாம் இஞ்சயோ போகுது?" என்று சிரித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். கோபப்பட நினைத்த எனக்கும் சிரிப்பு வந்து, விக்கலில் போய் முடிந்தது.

பொறியில் அதே விசுக்கோத்தை வைத்து ஓட்டை வாசலில் நிறுத்தினோம். பின்னேரமே எலி அகப்பட்டது. அவர் அதை அப்புறப்படுத்தி வந்ததும், பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளை ஓட்டைக்குள் அடைத்துச் சீமெந்து பூசினோம். காய்ந்ததா என்று நான் எத்தனை தரம் தட்டிப் பார்த்தேனோ தெரியாது.

அடுத்த சனிக்கிழமை மகள் சீமெந்துக்கு முன்னால் விசுக்கோத்தோடு இருந்து, "கா, கா" என்றாள். பதிலில்லை. என்னைக் குற்றவாளியைப்போலப் பார்த்தாள். அவளை இடுப்பில் தூக்கி மதிலடிக்குக் கொண்டுபோனேன். விசுக்கோத்தை வைத்தாள். காகம் வந்து கொத்திக்கொண்டு பறந்தது.

தன் எலிக்குச் சிறகு முளைத்துவிட்டதுபோல, அவள் வாய் பிளந்து, அதன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.