அரை ஸ்வரம் இறங்கிய குரல்

வானொலி நிலையத்து இசை நூலகத்தில் அவளை எல்லோரும் ‘அட்டை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வந்து சேரும் ஒவ்வொரு பதிவையும் கேட்டு, வேகம், சுருதி, மனநிலை என்று மூன்று கட்டங்களை அட்டையில் நிரப்புவது அவள் வேலை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். சந்தேகம் வந்துவிட்டால் ஒரே பாட்டை நாள் பூராவும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“பொருத்தமான பேர்தான். அட்டை மாதிரி, கடிச்சா உப்பு வச்சாத்தான் விடும்” என்பார் ஒலிப்பொறியாளர்.

“கேன்டீன்ல உப்பே தீர்ந்துபோச்சாம் அண்ணே” என்பாள் அவள், தலை நிமிராமல்.

அட்டைகளை மூட்டை கட்டிவிட்டுக் கணினியிலேயே எல்லாவற்றையும் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கணினி பாட்டைக் கேட்டு மூன்று கட்டங்களையும் தானே நிரப்பும். அவள் சரிபார்த்தால் போதும். அப்படி ஒரு காலை நேரத்தில்தான் அந்த நாடா வந்தது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பாவின் பரோக் காலத்துத் துதிப்பாடல். ஊர் மண்டபத்துப் பாடகர் குழு, ஆர்கனும் இரண்டு டிரம்பெட்டும் சேர்த்து, நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முன் பாடியது. பெரிய தலைகள் யாராவது சாய்ந்தால் நிலையம் ஒலிபரப்புவது அதைத்தான்.

கணினி எழுதியது: நிமிஷத்துக்கு அறுபத்தெட்டுத் துடிப்பு. சுருதி, சி ஷார்ப் மேஜர். மனநிலை, சோகம்.

அவள் கை நின்றது. அந்தப் பாட்டின் நடுவில் தனியாக இரண்டு வரி பாடும் ஆண் குரல் அவள் அப்பாவுடையது. தையல்காரர். பகலெல்லாம் மிஷினை மிதிப்பார், சாயங்காலம் குழுவில் பாடுவார். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவர் குரல் என்று உலகத்தில் மிஞ்சியது அந்த இரண்டு வரிதான். அதிலும் ஒரு நெருடல். அவள் நினைவில் இருந்த அப்பாவுக்கு நூல் மாதிரி மெல்லிய குரல். நாடாவிலோ யாரோ தடித்த மனிதர் பாடுவதுபோல இருந்தது. அப்பாவின் குரலே மறந்துபோச்சே என்று எத்தனையோ நாள் தன்னையே நொந்துகொண்டிருக்கிறாள். அம்மாவோ அந்தப் பாட்டு வந்தாலே, “அது அவர் இல்லடி” என்று எழுந்து போய்விடுவாள்.

அந்தப் பாட்டுக்கு அவள் வேலைக்கு வருமுன்பே யாரோ அட்டை எழுதிவிட்டார்கள். சி ஷார்ப் என்பதைக் கண்ணால் பார்த்ததும்தான் அவளுக்குப் பொறி தட்டியது. அந்தக் காலத்து டிரம்பெட் பாட்டுகளை டி மேஜரில்தான் எழுதுவார்கள். இது அரை ஸ்வரம் இறங்கியிருக்கிறது. நாடாவைப் பிரதி எடுத்தபோது இயந்திரம் மெதுவாக ஓடியிருந்தால்? வேகம் குறைந்தால் சுருதி இறங்கும், குரலும் தடித்துக் கேட்கும்.

இசைப்பிரிவுத் தலைவர் சிரித்தார். “பரோக் பாட்டை அரை ஸ்வரம் இறக்கிப் பாடுறதும் ஒரு வழக்கம்மா. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். ஆனால் ஆர்கன் சுருதியை நினைத்தபடி இறக்க முடியாது. மறுநாள் பாட்டின் முதல் சில நொடிகளைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். ஆர்கன் வாசிப்பவருக்கு எழுபது வயதுக்கு மேல். வேண்டாவெறுப்பாகத்தான் காதில் வைத்தார். வைத்தவர் எழுந்து அலமாரியைக் குடைந்து, ஓரம் பொடிந்த ஸ்வரத்தாளை எடுத்துப் போட்டார்.

“அன்னைக்கு வாசிச்ச தாள் இதுதாம்மா. பாருங்க, டி மேஜர். இந்த ஆர்கன் சுருதியை இன்னைவரைக்கும் எவனும் தொட்டதில்ல.” கட்டையை அழுத்தினார். மண்டபம் அதிர்ந்தது. கைபேசியில் இருந்தது அதற்குக் கீழே, வாடிப்போய்க் கேட்டது. “உங்க நாடா நொண்டுது” என்றார்.

தாளின் நகலைக் கொண்டுபோய்த் தலைவர் மேசைமேல் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “செய்யுங்க” என்று மட்டும் சொன்னார். பொறியாளர் நாடாவின் வேகத்தை மெல்ல ஏற்றினார். எழுபத்திரண்டு துடிப்புக்கு வந்தபோது டிரம்பெட்டுகள் பளிச்சென்று டி-யில் வந்து நின்றன. பிறகு அந்த இரண்டு வரி.

நூல் மாதிரிக் குரல். அவள் எதையும் மறந்திருக்கவில்லை.

பொறியாளர் கிண்டல் எதுவும் செய்யாமல், கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அறையில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மா காதில் ஹெட்போனை மாட்டினாள். அம்மாவுக்குக் கேட்கும் சக்தி குறைந்திருந்தது. பாதிப் பாட்டுவரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று மகள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அவர்தான்.”

“ஆமாம்மா.”

“இத்தனை வருஷமா அது அவர் இல்லைன்னு நிம்மதியா இருந்தேன்.”

மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பதிவுக்குப் போன அன்றே அவருக்கு உடம்பு அனலாகக் கொதித்ததாம். போகாதீங்க என்று கெஞ்சினாளாம். ரெண்டு வரி எனக்குன்னே குடுத்திருக்காங்க என்று அவர் சட்டையை மாட்டினாராம். “போறதுன்னா ஒரேயடியாப் போயிடுங்கன்னு கத்திட்டேன்டி. பத்தே நாள்ல போயிட்டார்.”

பாட்டு அவள் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மகள் நிறுத்தப் போனாள். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

“அவர் குரல்ல கோபம் இருக்கா? நீ சொல்லு. எனக்குச் சரியாக் கேக்கல.”

சமாதானத்துக்காக ஒரு பொய் சொல்ல அட்டை அக்காவுக்கு மனம் வரவில்லை. ஹெட்போனை வாங்கி, அந்த இரண்டு வரியை மறுபடி வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள்.

“கோபம் இல்லம்மா. கடைசி வார்த்தையில மூச்சு முட்டுது. ஆனா சந்தோஷமாத்தான் பாடுறார்.”

அம்மா அழுதாள். அப்பா இறந்த அன்றுகூட அவள் அப்படி அழுததாக மகளுக்கு நினைவில்லை.

திருத்திய பதிவு இரங்கல் பட்டியலிலிருந்து நீங்கி, காலை நிகழ்ச்சிக்குப் போனது. பாட்டை ஏன் கெடுத்தீர்கள் என்று நேயர்கள் சிலர் கடிதம் போட்டார்கள். தலைவர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். அம்மா அதன்பின் நான்கு வருஷம் இருந்தாள். அந்தப் பாட்டு வரும் காலைகளில், வானொலிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.