நடுவில் தட்டிய கை

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் டிசம்பரில், கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓர் அரங்கில் நடந்தது இது.

அங்கே வருடந்தோறும் மேற்கத்திய பியானோ இசை விழா நடக்கும். கான்வென்ட் டீச்சர் ஒருவர் தன் மாணவிகளை வைத்துப் பள்ளிக்கூட ஹாலில் ஆரம்பித்தது. வளர்ந்து வளர்ந்து, சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் வந்து வாசிக்கும் விழாவாகிவிட்டது. அந்த மேடையில் வாசித்தவர் என்றாலே கோவையில் தனி மரியாதை. கூடவே ஒரு கண்டிப்பும் உண்டு. நீளமான இசை பல பகுதிகளாக இருக்கும். நடுவில் யாரும் கைதட்டக் கூடாது. வாசிப்பவர் எழுந்து நின்ற பிறகுதான் தட்டலாம். மீறினால் முன்வரிசையிலிருந்து டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு மில் முதலாளிகளே பயப்படுவார்கள்.

அந்த வருடம் அங்கே வாசிக்க எனக்கு அழைப்பு வந்தது. பல வருட ஆசை. ஆனால் நான் வாழ்க்கைப்பட்டது பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில். அங்கே ஏது பியானோ? வாரம் ஒருநாள் அம்மா வீட்டுக்கு வந்து பழகியதோடு சரி. என் மாமியாரோ விஷயம் தெரிந்ததும் வேன் பிடித்துச் சொந்தபந்தத்தையெல்லாம் திரட்டிவிட்டார். "நம்மூட்டுப் புள்ள மேடையேறுது, போகாம இருக்க முடியுங்களா?" என்று ஊரெல்லாம் சொல்லி வேறு வைத்திருந்தார். பட்டுச்சேலையும் மல்லிகையுமாக அவர்கள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

முதல் பகுதி நன்றாகவே போனது. இரண்டாவதில், பாதியில் கை நின்றுவிட்டது. அடுத்து என்ன என்று சுத்தமாக மறந்துபோனது. அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது பின்வரிசையில் யாரோ பலமாகக் கைதட்டினார்கள். பார்த்தால், என் மாமியார்! அவ்வளவுதான், வேனில் வந்த மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. சின்ன மாமனார் விசிலே அடித்துவிட்டார். டீச்சர் முறைக்க முறைக்கக் கைதட்டல் கூடியதே தவிரக் குறையவில்லை. அந்தக் கலாட்டாவில் எனக்கு உயிர் வந்தது. விட்ட இடமும் ஞாபகம் வந்தது. சத்தம் அடங்கியதும் அந்தப் பகுதியை முதலிலிருந்து எடுத்து, கடைசிவரை வாசித்து முடித்தேன். "அடுத்த வருஷம் எப்பத் தட்டணும்னு உங்க ஆளுங்களுக்குச் சொல்லிக் கூட்டிட்டு வாம்மா" என்றார் டீச்சர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திரும்பி வரும்போது வேனில் மெதுவாகக் கேட்டேன்: "அத்தை, அப்ப இன்னும் முடியவே இல்லீங்க. முடிஞ்சுதுன்னு நெனச்சுத் தட்டிப்போட்டீங்களா?"

"முடிஞ்சுதா இல்லையான்னு எனக்கென்ன தெரியும் கண்ணு? உன்ற மொகம் வெளுத்துப்போச்சு. பாத்துட்டுச் சும்மா ஒக்காந்திருக்க முடியல, தட்டிப்போட்டேன்."

அதன் பிறகு எத்தனையோ மேடைகளில் கைதட்டல் வாங்கிவிட்டேன். அதெல்லாம் நான் நன்றாக வாசித்ததற்கு. வாசிக்க முடியாமல் தவித்தபோது கிடைத்த அந்த ஒன்றை நினைத்தால்தான் இன்றும் எனக்குக் கண் நிறைகிறது.